ஆறாவது நாற்காலி

ஹில்டா மெட்காஃப் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஐந்து நாற்காலிகள்தான் இருந்தன. எல்லாம் ஜோசாயா பிராட்பென்ட் என்ற தச்சர் ஓக் மரத்தில் செய்தவை. வாய்ச்சியால் செதுக்கிய மேஜைப் பலகையைத் தடவினால் சிற்றலைபோலக் கையில் படும். தான் செய்த ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு நத்தையைச் செதுக்கிவிடுவது அந்த ஆளின் வழக்கம். வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்குப் பக்கத்து ஏலங்களில் அலைந்து அலைந்து ஹில்டா சேர்த்த செட் அது. இன்னும் ஒன்று வர வேண்டும்.

அது வில்ஃப் ரெய்ஸ்ட்ரிக்கிடம் இருப்பதாக அவள் நம்பினாள். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற வில்ஃபுக்குக் கடைசல் சாமான்கள்மேல்தான் பைத்தியம். கிண்ணம், தட்டு, உப்புச் சிமிழ் என்று வீடு நிறைய வைத்திருந்தார். பிராட்பென்ட் நாற்காலி என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் ஜன்னலோரம் போட்டு, பெரிய கிண்ணமொன்றை அதன்மேல் ஏற்றியிருந்தார். தெருவில் போகும்போதெல்லாம் ஹில்டாவின் நடை அங்கே தானாகத் தளரும்.

ஏலத்தில் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். அவர் மறுப்பார்.

"உக்காரவும் மாட்டீங்க, உக்கார்றவங்களுக்குக் குடுக்கவும் மாட்டீங்க. கிண்ணத்துக்கு எதுக்கு நாற்காலி?"

"என் கிண்ணம் கொடுத்து வெச்சது, ஹில்டாம்மா. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

அந்த இலையுதிர் காலத்தில், லேபர்ன் ஏலக்கூடத்தின் ஈரப் படியில் வில்ஃப் வழுக்கி விழுந்தார். கையிலிருந்த பெட்டியைக் கீழே விடாமல் காப்பாற்றிவிட்டார், மணிக்கட்டு முறிந்துபோயிற்று. ஹில்டாதான் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வழி முழுக்க அவர் பெட்டியைத் திறந்து, கிண்ணங்களில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் சூப் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனவள், கிண்ணங்களின் மேல் படிந்த தூசியைக் கண்டதும் கோட்டைக் கழற்றிவிட்டாள். பிறகு தினமும் போனாள். சமைத்தாள், தேன்மெழுகு தடவித் துடைத்தாள். கட்டுப்போட்ட கையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மரத்தின் ரேகை போகும் போக்கில் தேய்க்கச் சொன்னார். அவள் முறைத்தாள். அந்த நாற்காலியை மட்டும் அவள் தொடவில்லை. தொட்டால் கேட்பதுபோல் ஆகிவிடும் என்ற ரோஷம். கை சரியில்லாதவரிடம் போய்க் கேட்பதா?

அவள் கேட்காததே வில்ஃபுக்கு உறுத்தியது. கட்டு அவிழ்த்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் நாற்காலியை ஏற்றிக்கொண்டு வந்து அவள் வாசலில் இறக்கினார்.

"வெச்சுக்குங்க. எதுவும் பேசாதீங்க," என்றார்.

ஹில்டா கதவை அகலத் திறந்தாள். இருவருமாக உள்ளே தூக்கி வந்து மேஜையருகே போட்டார்கள். தள்ளினால் உள்ளே போகவில்லை. மற்ற ஐந்தைவிடக் கைப்பிடி சற்று உயரம், பலகையில் இடித்தது. ஹில்டா குனிந்து பார்த்தாள். அவளுடைய ஐந்திலும் நத்தை இடது காலில் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. இதில் வலது காலில் இறங்கிக்கொண்டிருந்தது. இது வேறு ஏதோ செட்டைச் சேர்ந்தது.

வில்ஃபும் குனிந்து பார்த்துவிட்டார். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா இதுதான்னு நெனச்சேன். திரும்ப எடுத்துட்டுப் போயிடறேன்."

இத்தனை வருஷமாக ஏங்கியது இதற்குத்தானா என்று ஒரு கணம் ஹில்டாவுக்குச் சப்பென்றுதான் இருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் டையுமாக, மெலிந்துபோன மணிக்கட்டைத் தடவியபடி நின்றார். அவளுக்குச் சிரிப்புப் பொங்கி வந்தது.

"அதைத் தூக்கிட்டுப் போய் இன்னொரு கையையும் ஒடச்சுக்கப் போறீங்களா? உக்காருங்க. அடுப்புல ஆட்டுக்கறி வெந்துட்டிருக்கு."

"இதுலயா?"

"பின்ன, கிண்ணத்துலயா?"

தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். வாங்கிய நாளிலிருந்து தான் அதில் உட்கார்ந்ததே இல்லை என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்று முதுகைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஹில்டா குழம்பைத் தாராளமாக ஊற்றினாள். ஒரு சொட்டு ஓக் பலகையில் விழுந்தது. இருவரும் பார்த்தார்கள், ஒருவரும் எழுந்து துடைக்கவில்லை.

அடுத்த வாரம் ரிப்பன் ஊரில் ஏலம். இரண்டு கார் எதற்கு என்று பேசி முடிவாயிற்று. யார் ஓட்டுவது என்பதில்தான் டீ ஆறும்வரை வாக்குவாதம் நடந்தது.