தண்ணீர்க் குழியில் ஒரு பட்டை

மரபணுவைப் பட்டையாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லின் கடைசிக் குழியில் அவள் ஊற்றியிருந்தது மண் சாறு சேராத வெறும் தண்ணீர்க் கலவை. அங்கே எதுவும் தெரியக்கூடாது. புற ஊதா விளக்கைப் போட்டதும், மற்றக் குழிகளில் மின்னிய அதே ஆரஞ்சுப் பட்டை அங்கேயும் மின்னியது. மங்கல்தான், ஆனால் இல்லையென்று சாதிக்க முடியாது.

உயிரித் தொழில்நுட்ப முதுகலையில் கடைசிப் பருவம். ஊரைச் சுற்றியுள்ள குப்பை மேடுகளின் மண்ணில், பிளாஸ்டிக்கை அரிக்கும் நுண்ணுயிரின் மரபணு இருக்கிறதா என்று தேடுவதே அவளுடைய ஆய்வு. பிசிஆர் இயந்திரம் அந்த மரபணு துளி இருந்தாலும் பெருக்கிக் காட்டிவிடும். அள்ளி வந்த எல்லா மண்ணிலும் பட்டை விழுந்திருந்தது. இப்போது தண்ணீரிலும் விழுந்துவிட்டதால் ஒன்றையும் நம்ப முடியாது.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். வகுப்பில் எல்லாருடைய ஆய்வுப் படங்களையும் நறுக்கி அழகுபடுத்தித் தருவதால் அவனுக்குக் 'கத்திரிக்கோல்' என்று பெயர்.

"ஓரத்துலதானே இருக்கு. ஒரு நறுக்கு நறுக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா என்ன? உனக்கு நீயா மார்க் போடப்போற? அடுத்த வாரம் வைவா. பொழப்பப் பாரு."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆய்வு கவிழ்ந்தால் இன்னொரு பருவம் உட்கார வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் வீட்டில் இருந்தது.

பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவளுடைய மாமனார்தான் மேடு மேடாக ஸ்கூட்டரில் கூட்டிப்போனவர். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, அவள் மண் அள்ளும்வரை நாய்களை விரட்டியவர். கடைக்குச் சாவி போட வந்த எவரும் மருமகள் புராணம் கேட்காமல் திரும்பியதில்லை. அன்று மாலை அவள் செருப்பைக் கழற்றும்போதும் போனில் மச்சானிடம் அளந்துகொண்டிருந்தார்.

"எல்லாத்துலயும்யா. போன மேடு ஒண்ணு பாக்கியில்லாம கண்டுபிடிச்சிருக்கா."

அந்த 'எல்லாத்துலயும்' அவளுக்குச் சோற்றில் கல்லாக நெருடியது.

மறுநாள் ஒவ்வொரு வேலையாகப் பின்னோக்கி யோசித்தாள். துளித்துளியாக உறிஞ்சி ஊற்றும் அவளுடைய பிப்பெட் பழுது பார்க்கப் போயிருந்த நாட்களில், பெருக்கி முடித்த கரைசலை ஜெல்லில் ஊற்றும் பிப்பெட்டாலேயே அடுத்தடுத்த கலவைகளையும் தயாரித்திருந்தாள். முனையை ஒவ்வொரு முறையும் மாற்றினாள், சரி. பிப்பெட்டின் உள்ளே ஏறிய ஆவித்துளியை யார் மாற்றுவது? முதல் வருடப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

பக்கத்து ஆய்வகத்தில் வேறு பிப்பெட் கெஞ்சி வாங்கி, புதுத் தண்ணீர், புது மேசை என்று எல்லா மண்ணையும் திரும்பச் சோதித்தாள். தண்ணீர்க் குழி இருண்டு கிடந்தது. மற்றவையும் இருண்டிருந்தன. குப்பை கொட்டுவதை நிறுத்திப் பல காலமான பழைய மேட்டு மண் மட்டும் பளிச்சென்று மின்னியது.

"நல்லா இருந்ததை நீயே காலி பண்ணிட்டியே, தாயே" என்றான் கத்திரிக்கோல்.

வாய்மொழித் தேர்வில் இரண்டு படங்களையும் நறுக்காமல் திரையில் போட்டாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது போதுமேம்மா. முதல் படத்தை ஏன் காட்டுறீங்க?"

"அதை நம்பி எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் சார். தப்புன்னு சொல்ல வேண்டியதும் நான்தானே."

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி. பழைய மேட்டுல மட்டும் ஏன் இருக்கு?" என்றார் தேர்வாளர்.

"இன்னும் தெரியல சார். எல்லாத்துலயும் இருந்தப்போ இந்தக் கேள்வியே வரல. இப்பதான் கேக்கவே முடியுது."

தேர்வாளர் பேராசிரியையைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பொண்ணை விட்டுடாதீங்க, மேடம்."

"விடுறதா இல்லை சார்" என்றார் அவர்.

வெளியே, தேய்த்த சட்டையில் ஸ்கூட்டரோடு நின்றார் மாமனார்.

"பாஸாம்மா?"

"பாஸ் மாமா. ஆனா எல்லாத்துலயும் இல்லை. பழைய மேட்டுல மட்டும்தான். மத்ததெல்லாம் என் பிப்பெட்ல ஒட்டியிருந்தது."

அவர் ஹெல்மெட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதை அவங்க கண்டுபிடிச்சாங்களா?"

"இல்ல மாமா. நானேதான் சொன்னேன்."

"யாரும் கேக்காமலா?"

"ம்."

ஹெல்மெட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"மச்சான், அன்னைக்கு எல்லாத்துலயும்னு சொன்னேன்ல? தப்பு. ஒரே ஒரு மேட்டுலதானாம். யாரு கண்டுபிடிச்சதா? யாருய்யா கண்டுபிடிப்பா, எங்க மருமகதான். பெரிய பெரிய ஆளுங்க உக்காந்திருக்க, எந்திரிச்சு நின்னு சொல்லிட்டு வந்திருக்கா."

அடுத்த ஆளுக்கு எண்ணைத் தேடினார். முன்பு பீற்றிய அத்தனை பேருக்கும் சொல்லி முடிக்காமல் அவர் வண்டியை எடுக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பின் சீட்டில் ஏறி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, வசதியாக உட்கார்ந்தாள்.