இரண்டு விரல் இடைவெளி

நாய்க்குத் தடியன் என்று பெயர் வைத்தது கறிக்கடைக்காரரின் மனைவி. குட்டியாக வந்த முதல் நாளே ஒரு சட்டிப் பாலையும் குடித்துத் தீர்த்துவிட்டு, துவைத்து மடித்த துணிக்கூடையில் ஏறிக் குறட்டை விட்டது அது. "இந்தத் தடியன எங்கேர்ந்துங்க பிடிச்சிட்டு வந்தீங்க?" என்று அவள் கேட்டாள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆறு வருஷத்தில் நாற்பத்திரண்டு கிலோ ஆனது. கரிய உடம்பு, சட்டி மாதிரி தலை. ஆனால் குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் ஓடிப் பதுங்கும். யாராவது எதிரில் குடை விரித்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். தெருவில் போகிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நாயின் பெயர் தடியன், வளர்ப்பவர் கறிக்கடைக்காரர். இது போதாதா? மீதிக் கதையை அவனவனே கட்டிக்கொள்வான்.

மூடிப்போன நூல் ஆலைக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட ஒரு மைதானம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாய் வளர்ப்பவர்கள் அங்கே கூடுவார்கள். வருஷக்கணக்காகப் பழகியும் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. நாயின் பெயர்தான் எல்லாருக்கும் முகவரி. சங்கத் தலைவர் மேஜர் அப்பா. மேஜர் என்பது அவருடைய வேட்டை நாய். அவர் பட்டாளத்துப் பக்கமே போனதில்லை, தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கைத்தடி ஒன்றைச் சுழற்றிக்கொண்டே பேசுவார்.

கறிக்கடைக்காரர் முதன்முதலில் தடியனைக் கூட்டிக்கொண்டு போன அன்று, அந்தக் கைத்தடிதான் வாசலில் குறுக்கே நின்றது. "ரத்த ருசி கண்ட நாயப்பா இது. உள்ள விட்டா மத்ததெல்லாம் என்ன ஆகறது?" என்றார் மேஜர் அப்பா. மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அப்போது பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, முயல்குட்டி அளவுக்கு ஒரு வெள்ளை நாயை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "என் பஞ்சு இது கூட விளையாடட்டும். பயமா இருக்கறவங்க வெளியில நின்னுக்கலாம்" என்று சொல்லிப் பஞ்சுவைக் கீழே இறக்கிவிட்டாள். பஞ்சு நேராகப் போய்த் தடியனின் காதைக் கடித்தது. தடியன் தொப்பென்று மல்லாந்து படுத்து நாலு காலையும் மேலே தூக்கிவிட்டது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவர் தடியன் அப்பா. ஐம்பது வயது வரைக்கும் 'ஏய் கறிக்கடை' என்றும், பிள்ளை குட்டி இல்லாதவன் என்றும் கேட்டுப் புளித்த காது அது. 'வாங்க தடியன் அப்பா' என்று யாராவது சொன்னால் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். சனிக்கிழமை இரவே வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்துவிடுவார். "கல்யாணத்துக்குக்கூட இப்படிக் கிளம்பல" என்று மனைவி வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

இரண்டு வருஷம் இப்படி நன்றாகத்தான் போனது. அப்புறம் பஞ்சுவுக்குப் பிறந்தநாள் வந்தது.

துணிக்கூடாரம் போட்டு, இரும்பு முளை அடித்துக் கயிறு கட்டி, பலூன் தொங்கவிட்டு, ஏக தடபுடல். ஈரலை வேகவைத்துக் கேரட் சேர்த்து அரைத்து, நாய்கள் சாப்பிடும்படி ஒரு கேக்கைத் தடியன் அப்பாவே செய்து எடுத்து வந்திருந்தார். வெட்டக் கடைக் கத்தியையும் கொண்டுவந்திருந்தார். மேஜர் அப்பா தன் பங்குக்கு எட்டு நாய்களுக்கும் சிவப்பு நைலான் கழுத்துப்பட்டை வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் நாயின் பெயர் பொறித்த தகடு. மைதானத்துக் கதவிலேயே ஒரு பலகை தொங்குகிறது: 'உள்ளே வந்ததும் பட்டையைக் கழற்றவும்.' எழுதித் தொங்கவிட்டதும் இதே மேஜர் அப்பாதான். நாய்கள் கட்டிப் புரளும்போது ஒன்றின் பல் இன்னொன்றின் பட்டையில் சிக்கிக்கொள்ளும், அதனால்தான் அந்த விதி. "ஒரு போட்டோ எடுக்கற நேரந்தானே, ஒண்ணும் ஆகாது" என்றார் இப்போது.

பஞ்சுவின் அடர்ந்த முடிக்குள் டீச்சருக்குக் கொக்கி பிடிபடவில்லை. "அண்ணா, நீங்க மாட்டிவிடுங்க, உங்க கைதான் சரி" என்று கூப்பிட்டாள். கழற்றச் சொன்ன இடத்தில் மாட்டுகிறோமே என்று அவர் மனசுக்குள் ஒரு நெருடல். ஆனால் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த மரியாதையை ஒரு பட்டைக்காகக் கெடுத்துக்கொள்வானேன் என்று இருந்துவிட்டார். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அது நாய் வளர்ப்பவர்களின் கணக்கு. அவரும் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது, கொக்கியைப் பூட்டினார். எலும்பை உடைத்து உடைத்துத் தடித்த விரல்கள் அவை. அவருடைய இரண்டு விரல் டீச்சருக்கு நாலு விரல். அது அந்த நேரத்தில் உறைக்கவில்லையே!

போட்டோ எடுத்தார்கள். எடுத்தவுடன் பட்டைகளைக் கழற்றியிருக்கலாம். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அவரவர் போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நாய்களுக்குப் பொறுமை ஏது? தடியனும் பஞ்சுவும் வழக்கம்போலக் கட்டிப் புரள ஆரம்பித்துவிட்டன. தடியன் வாயைத் திறந்து பஞ்சுவின் கழுத்தைப் பொய்யாகக் கவ்வியது, பஞ்சு ஒரு குட்டிக்கரணம் போட்டது. அவ்வளவுதான். தடியனின் கீழ்க்கோரைப் பல் பட்டைக்குள் மாட்டிக்கொள்ள, பட்டை ஒரு சுற்று முறுக்கிக் கொண்டு பஞ்சுவின் கழுத்தை நெரித்தது.

பஞ்சுவுக்குக் கத்தக்கூட மூச்சு வரவில்லை. தடியன்தான் கத்தியது. தாடையை விடுவித்துக்கொள்ளப் பின்னால் இழுத்தது. இழுக்க இழுக்கப் பட்டை இறுகியது. ஈறு கிழிந்து அதன் ரத்தம் பஞ்சுவின் வெள்ளை முடியில் குபுகுபுவென்று இறங்கியது.

"ஐயோ! கொல்லுது! என் பஞ்சுவக் கொல்லுது!"

டீச்சர் போட்ட கூச்சலில் மைதானமே திரும்பியது. வெள்ளை முடியில் சிவப்பைப் பார்த்தார்கள், கரிய தலையைப் பார்த்தார்கள், முடிவு பண்ணிவிட்டார்கள். மேஜர் அப்பாவின் கைத்தடி தடியனின் முதுகில் இறங்கியது. ஒருவர் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தார். இன்னொருவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அடித்தார், நாற்காலியின் கால் உடைந்து பறந்தது. ரெண்டு பேர் பஞ்சுவின் பின்னங்காலைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தார்கள், ஒருவர் தடியனின் வாலைப் பிடித்து மறுபக்கம் இழுத்தார். நாய்க்காக உயிரை விடுவோம் என்று வாரா வாரம் பேசுகிற கூட்டம் இது, கேட்டுக்கொள்ளுங்கள்!

"இழுக்காதீங்க! பல்லு மாட்டியிருக்கு! ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க!" என்று தடியன் அப்பா தொண்டை கிழியக் கத்தினார். ஒருவர் காதிலும் ஏறவில்லை. பஞ்சுவின் நாக்கு நீலமாகி வெளியே தொங்கியது. இனி சொல்லிப் பிரயோஜனமில்லை, அறுத்தால்தான் உண்டு. அவர் ஓடிப்போய்க் கேக் மேஜையிலிருந்த கத்தியை எடுத்தார்.

"கத்தி! கத்தி எடுத்துட்டான்! பிடிங்கடா அவன!"

இரண்டு வருஷத்து மரியாதை ஒரே வார்த்தையில் போயே போய்விட்டது. ஒருவர் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தார். தடியன் அப்பா முழங்கையால் ஒரு இடி இடித்தார், மூக்கு உடையும் சத்தம் கேட்டது, பிடி விட்டது. மண்டி போட்டு நாய்களின் நடுவில் இடது கையை நுழைத்தார். மேஜர் அப்பாவின் தடி அந்த மணிக்கட்டிலேயே விழுந்தது. விறகு முறிகிற மாதிரி எலும்பு முறிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஒடிந்த கையாலேயே தடியனின் தலையைப் பஞ்சுவோடு சேர்த்து அணைத்தார். டீச்சர் கூடாரத்து இரும்பு முளையைப் பிடுங்கி வந்து, கண்மண் தெரியாமல் தடியனை அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடியும் அவர் நெஞ்சுக்குள்ளேயும் அதிர்ந்தது.

"விடு! விடு! விட்டுத் தொலை!"

"அம்மா, அடிக்காத! அறுத்துடறேன், அடிக்காதம்மா!"

முடிக்கும் பட்டைக்கும் நடுவில் கத்தியைப் படுக்கையாக நுழைத்து, கூர்ப்பக்கத்தை வெளியே திருப்பி, ஒரே இழுப்பு. முப்பது வருஷமாக எலும்பை ஒட்டிக் கறியைப் பிரித்த கை. பஞ்சுவின் தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை. பட்டை அறுந்தது, இரண்டு நாயும் இரண்டு பக்கம் விழுந்தன.

தடியன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. வாலை ஒருமுறை தரையில் தட்டியது. அப்போதுதான் டீச்சரின் கடைசி அடி அதன் நடுமண்டையில் இறங்கியது. எல்லாம் முடிந்த பிறகு விழுந்த அடி. ஓங்கிய கை நிற்கவில்லை, அவ்வளவுதான். தடியனின் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன, பிறகு அதுவும் நின்றது.

தடியன் அப்பா எழுந்தார். வலது கையில் கத்தி அப்படியே இருந்தது. டீச்சரைப் பார்த்து நடந்தார். குத்தத்தான் போனார், இதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எங்கே குத்தினால் எத்தனை நிமிஷம் என்று தெரிந்த மனுஷன். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவருக்கும் தடுக்கத் தைரியமில்லை. அவள் முளையைப் பிடித்தபடி நின்றாள்.

கீழே பஞ்சு இருமியது. இருமி, மஞ்சளாக வாந்தி எடுத்து, தள்ளாடி எழுந்தது. யாரையும் பார்க்கவில்லை, நேராகத் தடியனிடம் போனது. அதன் முகத்துக்கு எதிரே முன்னங்காலை நீட்டிக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டியது. 'வா, விளையாடலாம்' என்று நாய்கள் கூப்பிடுவது அப்படித்தான். நாய் வளர்ப்பவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். தடியன் எழவில்லை. பஞ்சு கம்மிய தொண்டையில் ஒருமுறை குரைத்தது. கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி குனிந்து வாலை ஆட்டியது.

தடியன் அப்பாவின் கையிலிருந்த கத்தி தானாக நழுவியது. ஒடிந்த கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, தடியனைத் தோளில் போட்டு எழுந்தார். தினமும் காலையில் வண்டியிலிருந்து கடைக்குள் சுமக்கிற எடைதான். அதே தோள்தான். வீடு வரைக்கும் யார் உதவியும் கேட்காமல் நடந்தார்.

மனைவி கொல்லையில் குழி தோண்டினாள். ஒரு கையோடு அவரால் முடியவில்லை. "இந்தப் பேர நான் வச்சிருக்கவே கூடாதுங்க. வேற நல்ல பேரா வச்சிருந்தா அடிச்சிருக்க மாட்டாங்க" என்று மண்ணைத் தள்ளிக்கொண்டே அழுதாள்.

புதன்கிழமை டீச்சர் கடைக்கு வந்தாள். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றாள். மூன்று நாளில் முகம் கறுத்துச் சுருங்கியிருந்தது. பையிலிருந்து அறுந்த பட்டையை எடுத்து வெட்டுக்கட்டை மேல் வைத்தாள். நைலான் இழைக்குள் ஒரு கோரைப் பல் முறிந்து மாட்டியிருந்தது.

"டாக்டர் பஞ்சுவோட முடிய மழிச்சுப் பார்த்தார். ஒரு பல் தடம்கூட இல்லண்ணா. அந்த ரத்தம் பூரா தடியனோடது."

"தெரியும்."

"நீங்க கத்தினது என் காதுல விழுந்துச்சு. அதையும் சொல்லிடறேன். விழுந்துச்சு. ஆனா நான் நம்பல." அவள் விரலால் அந்தப் பல்லைத் தொட்டாள். "எத்தன அடி அடிச்சேன்னு தெரியல. படுத்தா அதத்தான் எண்ணிட்டிருக்கேன்."

அவர் பட்டையைக் கையில் எடுத்தார். கொக்கி இன்னும் பூட்டியபடியே இருந்தது. வலது கையின் இரண்டு விரலை அவள் முகத்துக்கு எதிரே நீட்டினார்.

"இந்த விரல வச்சுத்தான் அளந்தேன். நல்லாப் பாத்துக்குங்க. உங்க விரலா இருந்தா இறுக்கமா இருந்திருக்கும், பல்லு நுழைஞ்சிருக்காது. மாட்டும்போதே வேணாம்னு மனசுல பட்டுச்சு. சொல்லல. சொன்னா தலைவர் என்ன நெனப்பாரோன்னு வாய மூடிட்டு நின்னேன். முதல் அடி என்னோடதுதான்."

அவள் வாய்விட்டு அழுதாள். கறி வாங்க வந்த ஒருவர் திகைத்துப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வர ஞாயித்துக்கிழமை வாங்க, தடியன் அப்பா. எல்லாரும் கால்ல விழத் தயாரா இருக்காங்க. நீங்க வரணும்."

அவர் பட்டையை மடித்துக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வைத்தார். துணியால் கட்டையைத் துடைத்தார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தப் பேரச் சொல்லாதீங்க டீச்சர். கறிக்கடைக்காரர்னே கூப்பிடுங்க. முன்னாடி எல்லாரும் அப்படித்தானே கூப்பிட்டீங்க?"

அவள் படி இறங்கிப் போனாள். அடுத்து நின்றவர் எலும்பில்லாமல் அரைக் கிலோ கேட்டார். கறிக்கடைக்காரர் கட்டுப் போட்ட கையால் கறியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வெட்ட ஆரம்பித்தார்.