ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த குழந்தை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு குழந்தை பல வருடங்களாகப் பல் முளைக்காமலே சிரித்துக்கொண்டிருந்தது. ஒடிசா மலையில் ஊழியம் செய்யும் சேகரன், பெனினா தம்பதியின் மகள் ஜெமிமா. எங்கள் சபை தாங்கும் மிஷனெரிக் குடும்பம் அது. புதன்கிழமைதோறும் மைசூர் மண்டி மொஹல்லாவில் யாராவது ஒருவர் வீட்டில் பெண்கள் கூடி, அந்தப் படத்தை நடுவில் வைத்து ஜெபிப்போம். "பச்சைப் பிள்ளைக்குச் சளி பிடிக்காம காத்தருளும் ஆண்டவரே" என்று ரத்தினாபாய் அக்கா உருகுவார். ஆமென் சொல்லிவிட்டு மசால் வடைக்குக் கை நீட்டுவோம்.

போன மே மாதம் ஆராதனை முடிந்ததும் சபைப் போதகரான ஐயர் எங்களை உட்காரச் சொன்னார். சேகரன் குடும்பம் மலையை விட்டு இறங்கப்போகிறதாம். மகளுக்கு அங்கே மேலே படிக்க வழியில்லை. முன்பு ஹாஸ்டலில் விட்டபோது மஞ்சள் காமாலை வந்து, பிழைத்ததே பெரும்பாடு. இனி ஹாஸ்டல் வேண்டவே வேண்டாம் என்று பெனினா ஒரே பிடியாக இருக்கிறாள். மைசூரில் ஒரு வீடு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் அவர்கள் ஊழியத்தை விடமாட்டார்கள்.

"எங்க வீட்டுப் பரண்ல தொட்டில் இருக்கு. எடுத்துக் குடுக்கறேன்" என்றார் ரத்தினாபாய் அக்கா, முதல் ஆளாக.

"அக்கா, அந்தப் பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணிட்டா" என்றார் ஐயர்.

சபையே கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். "ஜெபத்துல வெச்சுக்கறோம் ஐயரே" என்று ஒரு குரல் வந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவங்கள அனுப்பினது நாமதானே? மலை ஏற முடியாதவங்க ஒரு ரூம் கதவையாவது தொறக்கணும் இல்லியா?" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் எல்லோரும் என்னையே பார்ப்பது தெரிந்தது. சபையில் யார் வீட்டில் அறை காலியாக இருக்கிறது என்பது யாருக்குத்தான் தெரியாது?

அது என் மகன் கவின்ராஜின் அறை. கல்யாண விஷயத்தில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கனடா போனவன், ஒரு போன்கூடச் செய்யவில்லை. நான் வாரம் தவறாமல் அவன் கட்டிலுக்குப் போர்வை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"பேடம்மா, வேண்டாம்" என்றார் என் கணவர், வீட்டுக்கு வந்ததும். "அவன் திடீர்னு வந்து நின்னா எங்க படுப்பான்?"

சண்டை போட்ட மனுஷன் என்னைவிட அதிகமாகக் காத்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது. "வந்தா ஹால்ல நம்மகூடப் படுக்கட்டும். வேண்டாம்னா சொல்லப்போறோம்?" என்றேன். மறுநாள் காலையில் மகனுடைய சட்டைகளை அவரே மடித்து எங்கள் பீரோவில் வைத்தார்.

ஜூன் மாதம் ஜெமிமா வந்தாள். என்னைவிட ஒரு சாண் உயரம். "நீயாடி அந்தப் பச்சைப் பிள்ளை!" என்று எட்டிக் கன்னத்தைக் கிள்ளினார் ரத்தினாபாய் அக்கா. ஒரு வீட்டிலிருந்து சைக்கிள் வந்தது, இன்னொரு வீட்டுப் பெண் கணக்கு சொல்லித்தருகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவளை யார் அழைத்துப்போவது என்று வாசலிலேயே இரண்டு பேருக்கு வாக்குவாதம். தரையைப் பார்த்த அதே ஜனங்கள்தான்.

அவள் வந்த அன்று சாயங்காலம் அவளைச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தேன். முதல் கவளத்தை எடுத்தவள், "ஆன்ட்டி, கவின் அண்ணன் போன் பண்ணாங்களா?" என்றாள்.

கேட்டால் நான் அழுதுவிடுவேன் என்று சபையில் யாரும் கேட்காத கேள்வி அது.

"உனக்கு எப்படிம்மா அவனத் தெரியும்?"

"ஐயரம்மா போன்ல சொல்வாங்க. அப்பா தினமும் உங்க எல்லார் பேரையும் சொல்லித்தான் ஜெபிப்பார். ரத்தினா ஆன்ட்டி முட்டிவலிகூட எங்களுக்குத் தெரியும். அண்ணன் பேசிட்டாங்களான்னு அப்பா கேக்கச் சொன்னார்."

என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னும் இல்லம்மா" என்றார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, "அங்க இப்ப விடிஞ்சிருக்கும். அவன் நம்பரப் போட்டுக் குடு, நானே பேசறேன்" என்று என்னிடம் போனை நீட்டினார்.