எட்டாம் நிலையில் நின்ற சிலுவைப்பாதை

உயிர்ப்பு ஞாயிறு எப்போது வரும் என்று ஊரெல்லாம் நாள் எண்ணிக்கொண்டிருந்த தவக்காலத்தில், அந்த ஞாயிறு வராமலே போய்விடக் கூடாதா என்று ஒருத்தி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஓர் அறையும் ஒரு சமையல் இடுக்குமான வீட்டில் வாழ்ந்த எல்சாதான் அவள். கொழுந்து பறிப்பது அவள் வேலை. தவக்காலத்தில் இறைச்சி கிடையாது, பூ கிடையாது, கல்யாணம் கிடையாது. ஆனாலும் ஆண்டு முழுவதிலும் அவள் அச்சமின்றி உறங்கியது அந்த நாட்களில்தான். அந்த நாட்களில் அவள் கணவன் ஆண்ட்ரூ குடிப்பதில்லை.

அந்தத் தோட்டத்துக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட ஆண்கள் வரிசையாக வந்து, பீடத்தின் முன் கிடத்திய மரச்சிலுவையில் கை வைத்து, உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்திய இரவில் நடக்கும் பாஸ்காத் திருவிழிப்பில் மணி அடிக்கும்வரை மதுவைத் தொடுவதில்லை என்று உறுதி சொல்வார்கள். சொன்னதைக் காக்கவும் செய்வார்கள். இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்து, சந்தேகம் வந்தால் மூடிவைத்துவிடுகிற அளவுக்கு அவர்கள் நேர்மையானவர்கள். ஆனால் மணி அடித்த மறுகணம்? நாற்பது நாள் தாகத்தை ஒரே இரவில் தீர்ப்பார்கள். நோன்பை முறித்தவனை ஊர் ஏசும். நோன்பைக் குறைவின்றி நிறைவேற்றியவனை யார் ஏசுவது, எந்த வாயால் ஏசுவது?

போன ஆண்டு அந்த இரவில் எல்சாவின் வலது முன்கை முறிந்தது. வாசலில் வழுக்கி விழுந்ததாகத் தோட்டத்து டிஸ்பென்சரியில் சொன்னாள். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். இரண்டு மாதம் கொழுந்து பறிக்கவில்லை. அதையும் பொறுத்தாள். இந்த ஆண்டு, பொறுக்கவே முடியாத ஒன்று குறுக்கே வந்து நின்றது. மகள் ஜீவாவுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் கணக்குப் பரீட்சை. போன ஆண்டு அந்த இரவை விறகுக் கொட்டகையில் பதுங்கிக் கழித்தவள் ஜீவா. அதன் பிறகு மூன்று நாள் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

எல்சா முயலாமல் இல்லை. மூன்றாம் வாரமே பங்குத்தந்தையிடம் போனாள். இளையவர், இரக்கமுள்ளவர். நாற்பது நாள் கட்டுப்பாடாக இருக்க முடிந்த மனிதர் நாற்பத்தோராம் நாளும் இருப்பார், நம்பிக்கையோடு செபியுங்கள் என்று சொல்லி ஆசீர் தந்து அனுப்பினார். ஓவேலியில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள். ஒரே அறையில் ஏழு பேர் படுத்திருப்பதாக அவன் சொன்னான். அது பொய்யில்லை. அன்பியத்தின் தலைவி ஜோதிமணியிடம் மன்றாடினாள். அன்பியம் என்பது இருபது குடும்பங்கள் சேர்ந்து வாரந்தோறும் வீடு வீடாகச் செபிக்கும் குழு. அதன் பெயரிலேயே அன்பு இருக்கிறது.

"உன் ஊடு மட்டுமா?" என்றாள் ஜோதிமணி. "அன்னிக்கு நம்ம லயத்துல எந்தூட்டுச் சட்டி பொட்டி எடத்துல இருக்குது? ஒரு நாள் கூத்து. கறியாக்கி வெச்சிட்டு, வாய மூடிக்கிட்டு ஒதுங்கிக்கோ. நானெல்லாம் இருவது வருசமா ஒதுங்கிட்டுதான் இருக்கேன்."

வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அது பதிவாகியிருப்பதோ ஆண்ட்ரூவின் பெயரில். மாலை ஆறரை மணிப் பேருந்து போய்விட்டால் அடுத்தது விடிந்துதான். இருட்டிய பின் ரோட்டில் யானை நிற்கும். ஒரு பெண் வெளியேற வேண்டிய வழிகளையெல்லாம் இயற்கையும் நிர்வாகமும் குடும்பமும் கோவிலும் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டு அடைத்து வைத்திருந்தன.

பெரிய வியாழன் காலை, விறகை எடுக்கப் போன எல்சாவின் கையில் மூன்று பாட்டில்கள் தட்டுப்பட்டன. சனிக்கிழமை கடையில் கூட்டம் நெரியும் என்று முன்கூட்டியே செய்த ஏற்பாடு அது. தொடுவதில்லை என்பதல்லவா உறுதி? அதனால் ஆண்ட்ரூ தொடவில்லை. கூட வேலை செய்யும் பாண்டியனைவிட்டு வாங்கி, பாண்டியன் கையாலேயே வைக்கச் செய்திருந்தான். சட்டம் படித்தவனுக்குக்கூட இந்த ஓட்டை கண்ணில் பட்டிருக்காது.

அவள் சண்டை போடவில்லை. பிள்ளைக்குத் திங்கட்கிழமை பரீட்சை, இந்த ஒரு வருடம் வேண்டாமே என்று தாழ்ந்துதான் கேட்டாள். தவக்காலத்து ஆண்ட்ரூ மென்மையானவன். அந்த மென்மையோடே பதில் சொன்னான்.

"நான் என்ன அவ புத்தகத்தையா குடிக்கப் போறேன்? நாப்பது நாள் சாமிக்குக் குடுத்திருக்கேன் புள்ள. ஒரு நாள் எனக்கு. அதையும் கேக்குறியா?"

அன்று மாலைத் திருப்பலியில், இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாகப் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தவ முயற்சியில் சிறந்தவன் என்று ஆண்ட்ரூவுக்கு மூன்றாவது நாற்காலி. பங்குத்தந்தை மண்டியிட்டு, அவன் வலது பாதத்தில் நீர் வார்த்து, துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டார். அந்தப் பாதத்தை எல்சா நன்றாக அறிவாள். அதன் குதிகால் எங்கே வலிக்கும்படி இறங்கும் என்பதை அந்தக் கோவிலிலேயே அவள் ஒருத்திதான் அறிவாள். பாடகர் குழு பாடியது. அவள் எழுந்து வெளியே போகப் பார்த்தாள். பெஞ்சின் இருபுறமும் ஆட்கள் நெருக்கி அமர்ந்திருந்தார்கள்.

புனித வெள்ளியன்று, இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு நிலைகளில் நின்று தியானிக்கும் சிலுவைப்பாதை. ஃபேக்டரி வாசலிலிருந்து மலை உச்சிக் கோவில்வரை, தேயிலைக்கு நடுவே ஏறும் ஒற்றையடிப் பாதையில், சில்வர் ஓக் மரங்களில் பதினான்கு சிறு சிலுவைகள் அறைந்திருக்கும். ஒவ்வொரு நிலையிலும் ஓர் அன்பியத்துப் பெண், கோவில் உபதேசியார் தட்டச்சு செய்து தந்த சிந்தனையை வாசிப்பாள். எட்டாம் நிலை எல்சாவுக்கு விழுந்தது. சிலுவையைப் பின்தொடர்ந்து அழுதுவந்த எருசலேம் பெண்களுக்கு இயேசு ஆறுதல் சொல்லும் இடம் அது. அங்கிருந்து ஒன்பதாம் நிலைக்குச் சிலுவையைச் சுமக்கும் முறை ஆண்ட்ரூவினுடையது. அவன் காவி உடுத்தி, வெறுங்காலோடு முன்னே நின்றான்.

எல்சா ஒலிபெருக்கியை வாங்கினாள். தாளில் இருந்ததை நான்கு வரி வாசித்தாள். எனக்காக அழாதீர்கள், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்று ஆண்டவர் சொன்னதை வாசித்தாள். பக்கத்தில் ஜீவா நின்றிருந்தாள். அதற்கு மேல் தாள் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"எம் பிள்ளைக்காக அழச் சொல்றாரு. நான் அழல. ஒண்ணு கேக்கிறேன். போன வருசம் பாஸ்கா ராத்திரி என் கை ஒடிஞ்சுது. வழுக்கி விழுந்தேன்னு சொன்னது பொய். நாளைக்கும் மணி அடிக்கும். எங்க ஊட்டு வெறகுக்குள்ள மூணு பாட்டில் தயாரா இருக்குது. திங்கக்கிழமை எம் மவளுக்குக் கணக்குப் பரீட்சை. அவ எங்க உக்காந்து படிப்பா? யாராச்சும் சொல்லுங்க."

ஆண்ட்ரூ திரும்பவில்லை. அவன் தோளில் சிலுவை ஒருமுறை ஆடி நின்றது. உபதேசியார் பதறி முன்னே வந்து, ஒலிபெருக்கியை அவள் கையிலிருந்து வாங்கி, வழக்கமான மன்றாட்டைத் தொடங்கினார். நூற்றாண்டுப் பழக்கம் சும்மா விடுமா? கூட்டம் முழங்காலிட்டது. தயவாயிரும் சுவாமி என்று பதில் எழுந்தது. அவள் கேட்ட கேள்வியின் மேல் அந்தப் பதில் மண்ணைப் போல விழுந்து மூடியது. ஆண்கள் எழுந்தார்கள். பாட்டு தொடங்கியது. சிலுவை மேலே ஏறியது.

வளைவு திரும்பும்போதுதான் பாட்டில் பாதிக் குரல் இல்லை என்பது பங்குத்தந்தைக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். எட்டாம் நிலையில் பெண்கள் எழுந்திருக்கவே இல்லை. யாரும் யாரையும் தூண்டவில்லை, கோஷம் போடவில்லை. முக்காடிட்ட ஐம்பது தலைகள் சரளைக் கல்லில் அப்படியே மண்டியிட்டிருந்தன. முன்னே சிலுவையும் ஆண்களும், பின்னே பெண்கள், நடுவே வெறும் பாதை.

அவர் தனியாக இறங்கி வந்தார். எல்லாரையும் எழச் சொன்னார். எவரும் எழவில்லை. எல்சாவின் முன் வந்து நின்றார். குரல் தணிந்திருந்தது.

"டவுன்ல கன்னியர் மடத்துல சிஸ்டர்கிட்ட பேசுறேம்மா. இன்னிக்கே என் ஜீப்புல ஜீவாவ அனுப்பிடலாம். பரீட்சை முடிஞ்சு வரட்டும். போதுமா?"

"அம்மாவும் வரட்டும் ஃபாதர்" என்றாள் ஜீவா.

படிக்கிற பிள்ளைக்கு என்றால் இடம் கேட்கலாம், புருஷனுள்ள பெண்ணை மடத்தில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு வழக்கமில்லை என்றார். உண்மையைச் சொல்லும் துணிவாவது அவரிடம் இருந்தது.

எல்சா மகளைப் பார்த்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. கேட்காததை இப்போது கேட்டு, கிடைத்ததையும் இழப்பதா? போய் வா என்று மகளின் தோளைத் தட்டினாள். சேலையிலிருந்த சரளையை உதறி எழுந்தாள். வளைவில் ஆண்ட்ரூ சிலுவையோடு காத்திருந்தான். அவன் பின்னால் நடந்து, பதினான்காம் நிலைவரை ஏறி, மறுபடி இறங்கி, அந்த ஒற்றை அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டியதுதான். நாளை இரவு அந்த அறையில் இரண்டே பேர். பங்குத்தந்தை பெருமூச்சுவிட்டு, மேலே ஏறத் திரும்பினார்.

"ஃபாதர்."

கூப்பிட்டது ஜோதிமணி. இருபது ஆண்டாக ஒதுங்கி நின்றவள். முழங்காலிலிருந்து அசையவில்லை. முகத்தை மட்டும் நிமிர்த்தினாள்.

"எம் மவ பிரியா ஆறாப்புதான் படிக்கிறா. அவளுக்குப் பரீட்சை இல்லீங்க. அவ எங்க போவா?"

பங்குத்தந்தை வளைவைத் திரும்பிப் பார்த்தார். மேலே ஆண்கள் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். சிலுவையை வாங்கிக்கொள்ள ஒருவரும் முன்வராததால் ஆண்ட்ரூ தோள் மாற்றிக்கொண்டான்.

எல்சா இரண்டடி எடுத்து வைத்திருந்தாள். நின்றாள். திரும்பி வந்து ஜோதிமணியின் பக்கத்தில் இடம் பார்த்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, மறுபடி மண்டியிட்டாள்.