துப்பாமல் விழுங்கிய கமிஷன் ஐயா

கமிஷன் தலைவர் ஜெயரத்தினம் ஈரமலைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மயங்கி விழுந்த செய்தி, அவர் முழுதாக விழுந்து முடிப்பதற்குள் ஹட்டன் கடைவீதிக்கு வந்து சேர்ந்துவிட்டது. நான் ரயிலில் கார்டாக இருந்து பென்ஷன் வாங்கியவன். எங்கள் ரயில்கள் ஒருநாளும் அந்த வேகத்தில் ஓடியதில்லை.

மலேரியாக் காய்ச்சல் நாட்டை உலுக்கி ஓய்ந்திருந்த சமயம் அது. தோட்டங்களில் ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று பார்த்து அறிக்கை எழுத, கொழும்பிலிருந்து அரசாங்கம் ஒரு கமிஷனை அனுப்பியிருந்தது. அதன் தலைவர்தான் ஜெயரத்தினம். யாழ்ப்பாணத்து மனிதர்; கோட்டும் தலைப்பாகையும் நெற்றியில் கீற்றாகத் திருநீறுமாக இருப்பார். ஈரமலையில் துரை அவரை லயத்துப் பக்கம் விடாமல் முதலில் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போய், தேயிலைப் பதம் பார்க்கும் டீமேக்கரும் கூட இருக்க, ருசி பார்க்கும் அறையில் கிண்ணம் கிண்ணமாகத் தேநீர் வைத்து உபசரித்திருக்கிறார். கடைசிக் கிண்ணத்தைக் கீழே வைத்ததும் தலைவருக்குக் கைகால் உதறி, நெஞ்சு படபடத்து, ஆள் சாய்ந்துவிட்டார். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிண்ணங்களைப் போலீஸ் கூடையில் அள்ளிப்போனது.

அவ்வளவு போதாதா ஊருக்கு?

மளிகைக் கடைச் செல்லசாமியின் பெஞ்சில்தான் நான் தினமும் உட்காருவேன். அன்று அந்தப் பெஞ்சில் ஏறக்குறைய இலங்கையின் பாதி ஜனத்தொகை உட்கார்ந்திருந்தது.

"விசம்தாங்க, சந்தேகமே இல்ல. லயத்துக் கூரை ஒழுகுறத அவரு எழுதிப்புட்டா துரைமாருக்கு நட்டமில்லியா?" என்றார் செல்லசாமி, பருப்பை நிறுத்துக்கொண்டே.

"துரை எதுக்குங்க? மத்த கமிஷன்காரங்களுக்குத் தலைவர் நாற்காலி மேல கண்ணு" என்றார் ஒருவர்.

"கிண்ணமெல்லாம் சப்பான் கிண்ணமாம். அந்தப் பூச்சுலயே விசமிருக்காம்."

பேச்சு இப்படிச் சின்னச் சின்னதாகப் போய்க்கொண்டிருந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. "நல்ல பாம்பைக் காயவைத்துப் பொடி பண்ணி, நயம் தேயிலையில் கலந்து, சலித்து வைத்திருந்தார்களாம்" என்று ஒரு சொல் போட்டுவைத்தேன். நான் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அது மஸ்கெலியாவுக்குப் போய், படமெடுத்து, இரட்டைத் தலையோடு திரும்பி வந்தது. எனக்கே கொஞ்சம் நடுக்கமாகிவிட்டது.

ஆனால் எல்லாக் கதைகளையும் தூக்கி அடித்தது ஒரே ஒரு சாட்சியம். கமிஷன் வருகிறதென்று அன்று மட்டும் திரை விலக்கியிருந்த கண்ணாடி ஜன்னல் வழியாகத் தூள் சலிக்கும் பெண்கள் தங்கள் கண்ணால் பார்த்தது.

"துரை வாயில வச்சாரு, துப்புனாரு. டீமேக்கரு வாயில வச்சாரு, துப்புனாரு. கமிஷன் ஐயா மட்டுந்தான் குடிச்சாரு!"

தெரிந்தவன் துப்பினான், தெரியாதவன் விழுங்கினான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தக் கிண்ணங்களில் வெந்நீர் ஊற்றியவன் அழகுமுத்து. ருசி பார்க்கும் அறையில் தண்ணீர் கொதிக்க வைப்பதும், கிண்ணம் கழுவுவதும், துப்புகிற படிக்கத்தைத் தூக்கிப்போய்க் கொட்டுவதும் அவன் வேலை. பாவம், வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தான்.

"அது வழக்கங்க! ருசி பாக்கிறவங்க எல்லாருமே துப்புவாங்க. தெனமும் துப்புவாங்க. முழுங்குனா நாக்கு மரத்துரும், மண்டை கிறுகிறுத்துரும்னு டீமேக்கரே சொல்லியிருக்காரு."

யார் நம்புவார்கள்? தோட்டத்து ஆளுக்குக் கிடைப்பது கழித்துப்போட்ட தூள். அதையும் இரண்டாம் தடவை கொதிக்கவைத்துக் குடிக்கிற இடத்தில், முதல்தரத் தேயிலையை வாயில் வைத்துவிட்டுத் துப்புகிற மனிதன் உண்டென்றால், அவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை கொலைகாரனாக இருக்க வேண்டும். அந்த அறைக்குள் ஆட்கள் நுழையவே கூடாது என்பது சட்டம். ஆகவே அந்த வழக்கத்தைப் பார்த்தவன் அழகுமுத்து ஒருவன்தான், அவன்தான் குற்றவாளியும்.

அவன் இறைத்த தண்ணீரை லயத்தில் யாரும் தொடவில்லை. அவன் உள்ளே வந்தால் தொழிற்சாலைப் பெண்கள் வெளியே போனார்கள். போலீஸ் அவனைப் பிடிக்கவில்லை, துரைக்கும் அவன்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் அவருக்கு வேலை நடக்க வேண்டும். "பேச்சு அடங்கவில்லையென்றால் மாதக் கடைசியில் பற்றுச்சீட்டு" என்று சொல்லிவிட்டார். பற்றுச்சீட்டு கையில் வந்தால் வேலையும் இல்லை, லயத்து அறையும் இல்லை. குடும்பத்தோடு வெளியே நடக்க வேண்டியதுதான். விஷம் வைத்தவன் என்ற பெயரோடு போகிறவனுக்கு எந்தத் தோட்டம் கதவு திறக்கும்?

அழகுமுத்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி அன்னம்மா உட்காரவில்லை. கொழுந்து பறிக்கிறவள், அவள் கூப்பிட்டால் அடுத்த மலையில் மேகம் நின்று திரும்பிப் பார்க்கும். நேரே செல்லசாமி கடைக்கு வந்தாள்.

"கார்டு ஐயா, ஆஸ்பத்திரிக்கு வாரீங்களா? எனக்கு அந்தப் பெரிய மனுசன்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். தனியாப் போனா உள்ள விடமாட்டாங்க."

எனக்கும் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் வயிறு வீங்கிப்போயிருந்தது. பழைய கார்டு கோட்டை மாட்டிக்கொண்டேன். அதன் பித்தளைப் பொத்தான்களைப் பார்த்ததும் காவல்காரன் என்னைக் கவர்னரின் சித்தப்பா என்று நினைத்துச் சலாம் போட்டான்.

ஜெயரத்தினம் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். விஷம் குடித்தவர்போல இல்லை. கஞ்சி போதவில்லை என்பதுபோல் இருந்தார்.

"சாமி, அன்னிக்கு எத்தனை கிண்ணம் குடிச்சீங்க?" என்றாள் அன்னம்மா, எடுத்த எடுப்பில்.

அவர் கூரையைப் பார்த்தார். "வைச்சதெல்லாம் குடிச்சன்."

"எல்லாத்தையுமா! துப்பலிங்களா?"

"துப்பிறதோ? ஒருத்தர் மரியாதையாத் தந்ததை, அவற்ற முகத்துக்கு முன்னால துப்பிறதோ? அவங்கள் வெள்ளைக்காரர், பழக்கவழக்கம் தெரியாதவங்கள் எண்டு நினைச்சன்."

"காலையில என்னங்க சாப்பிட்டீங்க?"

"வெள்ளிக்கிழமையல்லோ. விரதம்."

அன்னம்மா என்னைப் பார்த்தாள். நான் கோட்டுக் காலருக்குள் முகத்தை விட்டுக்கொண்டு சிரித்தேன். வெறும் வயிற்றில், கசாயம்போல் இறக்கிய தேநீர், மேசை நீளத்துக்கு! யானைக்கே கால் பின்னியிருக்கும்.

"டாக்குத்தரும் அதைத்தான் சொன்னவர்" என்றார் ஜெயரத்தினம், குரலைத் தாழ்த்தி. "வெளியில சொல்ல வேண்டாமெண்டு நான்தான் கேட்டனான். கொழும்பில கேள்விப்பட்டா சிரிப்பினம். விசம் எண்டா ஒரு மரியாதையாவது இருக்கு."

"உங்க மரியாதைக்கு எம் புருசன் தோட்டத்த விட்டுப் போகணுங்களா?"

கேட்டுவிட்டு அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். முகம் சுருங்கிப்போயிற்று.

"பாவமாப் போச்சு பிள்ளை. துரைக்கு இப்பவே எழுதித் தாறன்."

"துரைக்குத் தெரியுங்க. சனத்துக்குத்தான் தெரியணும். காயிதத்த யாரு படிக்கிறா? சனம் பாக்க, எம் புருசன் கையால நீங்க ஒரு கிண்ணம் வாங்கணும்."

"நான் கொழும்புக்குப் போற அண்டைக்கு அவனை ஸ்டேசனுக்கு வரச்சொல்லு" என்றார் அவர்.

அவர் கொழும்புக்குத் திரும்பிய அன்று ஹட்டன் ஸ்டேஷனில் நின்ற கூட்டத்தைப் பற்றி நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை: நோட்டன் பிரிட்ஜிலிருந்து நுவரெலியா வரை அடுப்பு மூட்ட ஆளில்லை. தண்டவாளம் தெரியாமல் ரயில் ஆட்களை விசாரித்துக்கொண்டு வந்தது. துரை வந்திருந்தார், டீமேக்கர் வந்திருந்தார். பிளாட்பாரத்து மேசையருகே அழகுமுத்து அடுப்பும் முதல்தரத் தூளும் கெண்டியும் கிண்ணமும் கரண்டியுமாக நின்றான்.

ஜெயரத்தினம் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். கூட்டம் கழுத்தை நீட்டியது. "இந்த மனிசன் தந்த தேத்தண்ணியில ஒரு பிழையும் இல்லை" என்று உரக்கச் சொன்னார். பிறகு துரையைப் பார்த்தார். இந்த முறை தனக்கும் வழக்கம் தெரியும் என்று காட்டிவிட வேண்டுமென்று அந்த மனிதருக்கு ஆசை. கரண்டியில் மொண்டார். "சுர்ர்ர்" என்று டிக்கோயாவுக்குக் கேட்கும்படி உறிஞ்சினார். வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினார்.

தண்டவாளத்துப் பக்கம் திரும்பி, அழகாகத் துப்பினார்.

"ஐயோ! துப்பிட்டாரு!"

கூட்டம் அலறிப் பின்வாங்கியதில் பின்வரிசைக்காரர்கள் ரயிலுக்குள்ளேயே ஏறிவிட்டார்கள். "அவருக்கும் தெரிஞ்சுபோச்சுடோய்!" என்று செல்லசாமி கத்தினார். அழகுமுத்து கெண்டியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான். ஜெயரத்தினம், நாம் சரியாகத்தானே துப்பினோம் என்று துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்னம்மா மேசையருகே போனாள். அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். கெண்டியை நீட்டச் சொல்லி இன்னொரு கிண்ணம் ஊற்றி அதையும் குடித்தாள். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதையா இத்தன நாளாத் துப்புறாங்க, பாவிக!"

ரயில் ஊதியது. கமிஷன் தலைவர் போனதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாக் கண்ணும் அன்னம்மாவின்மேல். அவள் கருவாடு வாங்கக் கடைவீதிக்கு நடந்தாள், கூட்டமும் நடந்தது. அவள் நின்றால் நின்றது. படியில் கால் இடறியபோது, "ஆரம்பிச்சிருச்சு" என்று யாரோ சந்தோஷமாகச் சொன்னார்கள்.

அவள் திரும்பினாள். "ஏங்க, செத்தா சொல்லி அனுப்புறேன். போய்ப் பொழப்பப் பாருங்க!"

சிரிப்பு முதலில் தூள் சலிக்கும் பெண்களிடமிருந்து வந்தது. அவர்களில் ஒருத்தி திரும்பிப் போய், பிளாட்பாரத்தில் இன்னும் மரம்போல நின்றிருந்த அழகுமுத்துவிடம், "எனக்கும் ஊத்துண்ணே. நாங்க செஞ்ச நல்ல தூளு எப்படித்தான் இருக்கும்னு பாப்போம்" என்றாள். அவள் சப்புக்கொட்டியதும் கூட்டம் முழுக்க வரிசையில் நின்றுவிட்டது. கெண்டி காலியாகி, மறுபடி கொதித்து, மறுபடி காலியாயிற்று. முதல்தரத் தேயிலை போவதைப் பார்த்துத் துரைக்கு நெஞ்சு வலித்திருக்கும். ஆனாலும் பேச்சு அடங்கியதை அவர் கண்ணாலேயே பார்த்தார். "நாளைக்கு வேலைக்கு வா" என்று அழகுமுத்துவிடம் சொல்லிவிட்டுக் குதிரையேறினார்.

செல்லசாமி மூன்று கிண்ணம் குடித்தார். அப்புறம் பிளாட்பாரத்துப் பெஞ்சில் என் காதோடு காதாக, "கார்டு ஐயா, கவனிச்சீங்களா? விச முறிவு மருந்தையும் இதுலயே கலந்துட்டானுக. அதான் யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றார்.

"அப்படியா! எந்த மலைப் பச்சிலையாம்?" என்று கேட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.