நாற்பத்தோரு நாள்

அஜீசுன்னிசா அக்கா இருபத்திரண்டாயிரம் என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"கம்ப்யூட்டர்ல நாலு கட்டத்துல டிக் அடிக்கிறதுக்கு இருவத்திரெண்டாயிரமா? எண்ணூர் யார்டுல ஒரு நாளைக்கு எரநூறு கண்டெய்னருக்கு பேப்பர் போட்டுகினு கீறேன்க்கா. எனக்கு ஃபாரம் ரொப்பத் தெரியாதா?"

ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவருடைய ஆபீஸ். வெளிநாடு போகிறவர்களுக்கு விசா விண்ணப்பம் தயார் செய்து தருவது தொழில். அவர் கோபப்படவில்லை. "ஃபாரம் ரொப்பறதுக்கு இல்ல வெற்றி தம்பி. உங்க நைனாவ நேர்ல இட்டுனு வாங்க. ஒரு நாள் பூரா ஒக்கார வச்சி அவரு கதைய கேக்கணும். வைக்கிற பேப்பர் ஒவ்வொண்ணையும் நான் படிக்கணும். அதுக்குத்தான் காசு" என்றார்.

கதை கேட்கக் காசு வாங்கும் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் துபாயில் கிரேன் வேலை என்று சொன்ன ஒரு ஏஜெண்டிடம் அம்மாவின் நகையை விற்றுக் கொடுத்தேன். பணம் போச்சு, பாஸ்போர்ட் போச்சு, அவனும் தலைமறைவாகிவிட்டான். அம்மா அந்தக் கவலையோடே செத்தாள். அதிலிருந்து ஏஜெண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா அந்த ரகம் இல்லை என்று குப்பத்தில் நாலு பேர் சொன்னார்கள். நான் காதில் வாங்கவில்லை.

விசா நைனாவுக்கு. தங்கை கீர்த்தி இங்கிலாந்தில் நர்ஸ். அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய், ஈரல்வரை பரவிவிட்டது. ரெண்டு மாசம், மிஞ்சினால் மூணு என்று அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். விமானத்தில் உட்கார்ந்து வரும் நிலைமையில் அவள் இல்லை. "நைனாவ மட்டும் அனுப்புண்ணா. ஒரு வாட்டி அது கைய புட்சிகினா போதும்" என்று வீடியோவில் கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் அழுதேன்.

நைனா பெயர் நாகூரான். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். பொய் சொல்ல வராது. முந்தாநாள் பிடித்த மீனை ஏலத்தில் முந்தாநாள் மீன் என்றே சொல்லிவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அவருக்குத் தத்காலில் பாஸ்போர்ட் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருவொற்றியூர் வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். நைனா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார், லேப்டாப்புக்குள்ளிருந்து அதிகாரி யாரோ தன்னைப் பார்க்கப்போவதுபோல.

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எந்த நாட்டிலாவது கைதானது உண்டா, வழக்கு நடந்தது உண்டா, திருப்பி அனுப்பப்பட்டது உண்டா என்று ஒன்று. எனக்கு அவசரம்.

"நைனா, உன் மேல போலீஸ் கேசு எதுனா கீதா?"

"இன்னாடா கேக்குற? நான் இன்னா திருடனா?"

இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

என்ன தொழில் செய்தார் என்பதற்குச் சான்று வேண்டும். மீனவர் சங்கத்தில் கேட்டேன். சங்கத் தலைவர் பாசத்தோடு ஒரு முழுப் பக்கம் எழுதித் தந்தார். எஞ்சின் பழுதாகிப் படகு எல்லை தாண்டி ஒதுங்கியபோது இலங்கைக் கடற்படையிடம் சிக்கி, நாற்பத்தோரு நாள் அந்நியச் சிறையில் வாடி, நீதிமன்றம் விடுவித்தபின் தன் ஆட்கள் எட்டுப் பேரையும் பத்திரமாக ஊர் சேர்த்த தீரர் நாகூரான் என்று அதில் இருந்தது. அதை இங்கிலீஷில் மாற்றியது நான்தான். தீரர் என்பதற்கு நல்ல வார்த்தை தேடி அரை மணி நேரம் செலவழித்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் ஆட்கள் யாருக்கும் அது கைது இல்லை. நேவி புட்சிகினு போச்சு என்போம், புயல் அடித்தது என்று சொல்வதுபோல. திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் மாலை போட்டோம், குப்பத்துக்குள் மேளம் அடித்துக் கூட்டிவந்தோம். புழலுக்குப் போனவன்தான் எங்களுக்கு ஜெயிலுக்குப் போனவன். அவனுக்கு யார் மேளம் அடிப்பார்கள்?

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விசா இல்லை. கைதாகவில்லை என்று விண்ணப்பத்தில் சொல்லிவிட்டு, நீங்களே வைத்த கடிதத்தில் நாற்பத்தோரு நாள் சிறை என்கிறீர்கள் என்று என் இங்கிலீஷ் வரியையே எடுத்துப் போட்டிருந்தார்கள். பொய்த் தகவல் கொடுத்து ஏமாற்றியதால் பத்து வருஷத்துக்கு இந்த வகை விசா கிடையாது.

எல்லாப் பேப்பரையும் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடை மாடிப்படி ஏறினேன். அஜீசுன்னிசா அக்கா முதலில் மறுப்பைப் படித்தார், பிறகு சங்கத்துக் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஆமான்னு போட்டு, கோர்ட்டு அவர விடுதல பண்ண ஆர்டரையும் கூட வச்சிருந்தா வழி இருந்துச்சி தம்பி. கடலுக்குப் போறவங்க வந்தா நான் மொதல்ல கேக்கறதே இதத்தான்."

"இப்ப இன்னாக்கா பண்ணலாம்?"

"தெரியாம பண்ணிட்டோம்னு விளக்கம் எழுதலாம். பதில் வர நாலஞ்சி மாசம் ஆவும்." பையில் கொண்டுபோன இருபத்திரண்டாயிரத்தை எடுத்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டார். அதை வாங்கிக்கொண்டு என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"நான் பொய் சொன்னேன்னு எழுதிகீறானா?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

சாயங்காலம் கீர்த்தி கூப்பிட்டாள். முகம் மஞ்சளாக இருந்தது. "விசா வந்துச்சாண்ணா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வந்துட்சிம்மா. டிக்கெட்டும் போட்டாச்சி."

"நெசமாவா நைனா? என்னிக்கு?"

அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"பதினெட்டாந்தேதி" என்றேன்.

கீர்த்தி போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாள்.

"பன்னெண்டு நாளு" என்றாள். "அதுவரிக்கும் இருந்துடுவேன் நைனா."