குண்டு புறப்படுமுன் மூடிய கண்

ஆறு குழல்கள். ஆறிலும் முத்துச்செல்வியின் நம்பர், நாற்பத்தொன்று. ஆறின் கழுத்திலும் சிவப்பு அட்டை தொங்கியது.

காலை ஷிப்டுக்கு வந்தவள் கண்ணில் முதலில் பட்டதே அதுதான். வல்லம் வடகாலில் இருக்கும் அந்தக் கம்பெனியில் தொலைதூரத் துப்பாக்கி செய்கிறார்கள். ஒவ்வொரு குழலையும் அளந்து, உள்ளே விளக்கடித்துப் பார்த்து, சரி என்றால் அடிப்பக்கத்தில் தன் நம்பர் முத்திரையை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு போடுவது அவள் வேலை. இரண்டு வருஷத்தில் அவள் தட்டி அனுப்பிய ஒரு குழல்கூடத் திரும்பி வந்ததில்லை. இன்றைக்கு ஆறு! 'குழல் கோளாறு. குண்டு கீழே போகிறது' என்று எழுதி, சுட்டுப் பார்க்கும் ஸ்ரீதர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பிளான்ட் மேனேஜர் அண்ணாதுரை கையை நீட்டினார்.

“முத்திரையக் குடும்மா. பத்து மணிக்கு இன்னொரு தடவ சுட்டுப் பாக்குறாரு. அப்பவும் இப்படியே வந்தா நீ பேக்கிங் போயிடு.”

பேக்கிங்! களக்காட்டிலிருந்து வந்து, மறைமலை நகர் பிரஸ் ஷாப்பில் நாலு வருஷம் காது செவிடாக நின்று, பரீட்சை எழுதி வாங்கிய நம்பர் அது. ஹாஸ்டலில் கூட இருக்கும் பெண்கள் அவளை 'நாப்பத்தொண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பிடுங்கிக்கொண்டு அட்டைப்பெட்டி மடிக்கச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

“என் அளவு தப்புன்னா காட்டுங்க சார், நானே போயிருதேன். அளந்தே பாக்காம எப்படிச் சொல்லுதிய?”

“சுட்டவரு சொல்றாரேம்மா!”

சுட்டவர்! ஸ்ரீதர் கம்பெனிக்கு ஆலோசகர். ராஜஸ்தான் மணலில் ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்த தட்டை அடித்த கதையை கேன்டீன் வரைக்கும் கொண்டுவந்து சொல்கிற மனுஷன். போனைத் திறந்தால் துப்பாக்கியோடு நூறு போட்டோ. குண்டு படவேண்டிய இடத்தில் படவில்லை என்றால் அவர் மேல் சந்தேகப்பட யாருக்கு வாய் வரும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே அந்தக் கூடத்தைக் கட்டினவளைக் கூப்பிட்டு நிற்கவைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்டடத்துக்குப் பின்னால் நூறு மீட்டர் நீளத்தில் சுடுகூடம். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்க முத்துச்செல்விக்கு அனுமதி கிடைத்தது. மணல் மூட்டை மேல், அந்த ஆறில் ஒரு குழல் மாட்டிய துப்பாக்கி. ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு மூடிக் கொடுப்பவர் வடக்குப்பட்டுக் கண்ணப்பன். ஸ்ரீதர் துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் அணைத்தும் அணைக்காமலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் வெடி. எல்லோரும் இலக்குத் தாளைப் பார்த்தார்கள். முத்துச்செல்வி அவருடைய தோளைப் பார்த்தாள்.

இரண்டாவது வெடி. இப்போது முகத்தைப் பார்த்தாள். சத்தம் வருவதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்னாலேயே இரண்டு கண்ணும் இறுக மூடின, தோள் முன்னால் பாய்ந்தது, விரல் விசையைப் பறித்தது. துப்பாக்கி உதைத்ததில் அது அத்தனையும் மறைந்துபோனது.

அட பாவி மனுஷா! இது அவளுக்குத் தெரியாத வித்தையா?

பிரஸ் ஷாப்பில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். இயந்திரம் 'டம்' என்று இறங்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து, பெடலை மிதிக்கும்போதே கண்ணை மூடித் தோளைச் சுருக்குவார்கள். கண்ணை மூடினவளுக்குக் கை எங்கே இருக்கிறதென்று தெரியாது, விரல் போய்விடும். அதனால் அங்கே லைனைப் பார்த்துக்கொண்ட மஞ்சுளா அக்கா, சொல்லாமல் கொள்ளாமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “மிதி” என்பாள். இறங்காத இயந்திரத்துக்கே சுருங்குகிறவளுக்கு அன்றைக்குப் பிரஸ் கிடையாது. முத்துச்செல்வியே முதல் வாரம் மூன்று தடவை சுருங்கியவள்தான். பயப்படுவது ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை. ஆனால் அவள் தன் பயத்தை இயந்திரத்தின் தலையில் கட்டவில்லையே!

தாளை மாற்றுவதற்காகக் கண்ணப்பன் வெளியே வந்தபோது மறித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, லைன்ல தோட்டா சரியா உள்ள போகுதான்னு பாக்க வெத்துத் தோட்டா வச்சிருப்பிய இல்லா? அதுல ஒண்ண அடுத்ததா போடுங்க. வெடிக்காத துப்பாக்கி என்ன ஆட்டம் ஆடுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

“யம்மா, என் வேல பூடும்மா.” கண்ணப்பன் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வாரமா நானும் பாத்துக்கினுதான் கீறேன். நமக்கு இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன்.”

“பாத்துட்டா சும்மா இருந்திய? என் பேரு சந்தி சிரிக்குது, உங்களுக்கு இன்னாத்துக்கா?”

கண்ணப்பனின் முகம் கறுத்துப்போயிற்று. உள்ளே போனார்.

மூன்றாவது தோட்டாவை அவர் போட்டு மூடியது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஸ்ரீதர் மூச்சை இழுத்தார். விசை 'க்ளிக்' என்றது.

வெடிக்கவில்லை. ஆனால் ஸ்ரீதர் வெடித்தார்! கண் இரண்டும் மூடி, பல்லைக் கடித்து, தோள் முன்னால் பாய, குழலின் மூக்கு மணல் மூட்டையில் போய் இடித்தது. மறைக்கச் சத்தமும் இல்லை, உதையும் இல்லை. அண்ணாதுரை பார்த்தார், கண்ணாடிக்கு வெளியே நின்ற நாலு பேரும் பார்த்தார்கள்.

“தோட்டா ஃபெயிலு” என்றார் ஸ்ரீதர்.

கண்ணப்பன் அந்த வெற்றுத் தோட்டாவை எடுத்து அண்ணாதுரை முன்னால் மேஜையில் வைத்தார். “நாந்தான் போட்டேன் சார்.”

பிறகு அண்ணாதுரை முத்துச்செல்வியை உள்ளே கூப்பிட்டு, முத்திரையை அவள் கையில் வைத்தார். நன்றி சொல்ல வாயெடுத்தவள், மேஜையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாள். 'குழல் கோளாறு' என்பதை அடித்துவிட்டு அவர் எழுதிக்கொண்டிருந்தார்: 'தோட்டா தரமில்லை.'

“என்ன சார் இது?”

“பெரிய இடம்மா, அவரு பேர எப்படி எழுதுறது? தோட்டா எங்கியோ வெளியூர்லேருந்து வருது. நம்ம யாருக்கும் ஒண்ணும் இல்ல. உன் வேலதான் தப்பிச்சுதுல்ல, போ.”

“அந்தத் தோட்டாவையும் ஒருத்தி பாத்துத்தான சார் அனுப்பிருப்பா? அவளுக்கும் ஒரு நம்பர் இருக்கும்லா? நாளைக்கு அவ கையில இருந்து பிடுங்குவாங்க. அவளுக்கு அங்க எந்த அண்ணாச்சி வந்து சாட்சி சொல்லுவாரு சார்?”

“இதுல நீ தலையிட்டா, அப்புறம் பேக்கிங் கூட இல்ல. சொல்லிட்டேன்.”

அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். உள்ளங்கையில் முத்திரை சில்லென்று இருந்தது. பேசாமல் திரும்பினால் நாளைக்கும் அது அவளுடையதுதான்.

பேனாவை எடுத்தாள். அவர் எழுதியதை அடித்தாள். 'குழல் சரி. தோட்டாவிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. சுடுகிறவர் சுடுமுன் கண்ணை மூடுகிறார்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். தாளை இரும்பு மேஜையில் பரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தில் முத்திரையை நிறுத்தி, இடுப்பில் செருகியிருந்த சுத்தியலை ஓங்கினாள்.

அது விழுந்த சத்தத்துக்கு ஸ்ரீதர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முத்துச்செல்வி மூடவில்லை. நாற்பத்தொன்று நேராக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.